மர ட்ராலி செய்ய முதலில் சக்கரத்தை வாங்குங்கள்

வீட்டில் ட்ராலி செய்யக் கிளம்பும் பலரும் முதலில் போவது ப்ளைவுட் கடைக்கு. பலகை வாங்கி, அறுத்து, கூட்டி முடித்தபிறகு கடைசி நாளில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற நாலு சக்கரத்தை வாங்கி அடியில் முடுக்கிவிடுகிறார்கள். நிற்கும்போது வண்டி நன்றாகத்தான் இருக்கும். உருட்டும்போதுதான் குறை தெரியும். டைல்ஸ் இணைப்பு ஒவ்வொன்றிலும் தட்டும், நிலைப்படியில் குப்புறச் சாயப் பார்க்கும், சில மாதத்தில் ஒரு சக்கரம் தகட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும். இதில் மரவேலையின் தப்பு குறைவு. சக்கரத்தைத் தேர்ந்தெடுத்த விதமும் பிடித்த விதமும்தான் பெரும்பாலும் காரணம். போதாததற்கு, வண்டியின் உயரமே சக்கரத்தின் உயரத்தை வைத்துத்தான் கணக்காகிறது. அதனால் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

இங்கே சொல்வது 600 மி.மீ. நீளம், 400 மி.மீ. அகலம், தரையிலிருந்து சுமார் 846 மி.மீ. உயரம் உள்ள ஒரு ட்ராலி. அடித்தட்டு, நடுத்தட்டு, மேல்பலகை என்று மூன்று பரப்பு. பட்டறையில் டிரில், கிரைண்டர், ஸ்க்ரூ டப்பாக்களை ஏற்றிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கே தள்ளிப் போகலாம். சமையலறையில் மிக்ஸியும் பாத்திரமும் வைக்கலாம். முதல்முறை மரவேலை செய்பவருக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். பூச்சு காய இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

சக்கரம்

எடையிலிருந்து தொடங்குவோம். 18 மி.மீ. ப்ளைவுட்டில் இந்த வண்டி மட்டுமே 18 முதல் 20 கிலோ வரும். அதன்மேல் 60 கிலோ ஏற்றுவதாக வைத்தால் மொத்தம் 80 கிலோ. நாலு சக்கரம் இருக்கிறதே, ஆளுக்கு 20 கிலோ என்று வகுக்காதீர்கள். தரை எங்கும் சமமாக இருப்பதில்லை. உருளும்போது பல நேரம் மூன்று சக்கரந்தான் எடையைத் தாங்குகிறது. எப்போதும் மூன்றால் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு சக்கரத்துக்கு 27 கிலோ. 40 கிலோ தாங்கும் என்று குறித்த சக்கரம் வாங்கினால் தட்டு, இடி, குலுக்கல் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும்.

அடுத்தது விட்டம். கடையில் 50 மி.மீ., 75 மி.மீ., 100 மி.மீ. கிடைக்கும். சின்னது விலை குறைவு, பார்க்கவும் அடக்கமாக இருக்கும். ஆனால் தடையை ஏறுவது சக்கரத்தின் ஆரத்தைப் பொறுத்தது. 10 மி.மீ. உயரத் திட்டு ஒன்று குறுக்கே இருந்தால், 50 மி.மீ. சக்கரத்தைப் படுக்கைவாட்டில் தள்ளி அதன்மேல் ஏற்ற, அந்தச் சக்கரம் சுமக்கிற எடையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமான விசை வேண்டும். 100 மி.மீ. சக்கரத்துக்கு எடையின் முக்கால் பங்கு போதும். திட்டு 20 மி.மீ. ஆகிவிட்டால் 50 மி.மீ. சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு விசை தேவை. அவ்வளவு தள்ளினால் வண்டி ஏறாது, கவிழும். சமையலறையைவிட்டு வெளியே போகாத வண்டிக்கு 75 மி.மீ. சரியான அளவு. நிலைப்படி தாண்டவோ, சிமெண்ட் தரையில் ஓடவோ வேண்டியிருந்தால் 100 மி.மீ. வாங்குங்கள். 50 மி.மீ. சக்கரத்தை இந்த வண்டிக்கு வாங்கவே வேண்டாம்.

எந்தப் பொருளில் செய்த சக்கரம் என்பதும் முக்கியம். நைலான் கடினமானது, எடை தாங்கும், ஆனால் டைல்ஸில் கடகடவென்று சத்தம் போடும். அடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் தரையில் கோடு விழும். கறுப்பு ரப்பர் சத்தமில்லாதது, வெளிர்நிறத் தரையில் கறை விடக்கூடியது. நிறைய எடையோடு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தினால் மென்மையான ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, அப்புறம் உருளும்போது துள்ளும். டைல்ஸ், கிரானைட், மொசைக் தரைக்கு பாலியூரித்தேன் பூசிய சக்கரம் அல்லது கறை விடாத சாம்பல்நிற ரப்பர் சக்கரம் நல்லது. கரடுமுரடான சிமெண்ட் தரைப் பட்டறைக்கு நைலானே போதும்.

நாலும் சுழல வேண்டுமா, இரண்டு மட்டுமா? நீளமான தூரம் நேராகத் தள்ளுகிற வண்டிக்கு இரண்டு நிலையான சக்கரம், இரண்டு சுழல் சக்கரம் என்று மாட்டுவார்கள். கைப்பிடிப் பக்கம் சுழல் சக்கரம், எதிர்ப்பக்கம் நிலையானது. சின்னச் சமையலறையில், அடுப்பு மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைக்க வேண்டியிருந்தால் நாலுமே சுழல வேண்டும். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: சரிவான தரையில் வண்டி பக்கவாட்டிலும் நழுவும். எப்படியானாலும் குறைந்தது இரண்டில் பிரேக் இருக்கட்டும், அவை கைப்பிடிப் பக்கமே, கால் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மிக்ஸி ஓடும் வண்டியில் பிரேக் இல்லாவிட்டால் அதிர்விலேயே நகர ஆரம்பித்துவிடும்.

நிலையானதும் சுழல்வதும் கலந்து வாங்கும்போது நான்கையும் மேசைமேல் நிறுத்தி உயரம் பாருங்கள். ஒரே 75 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் வேறு வேறு கம்பெனியில் மொத்த உயரம் சில மி.மீ. மாறும். அந்த வித்தியாசம் பிறகு வண்டி ஆட்டமாக வெளிப்படும். நாலும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருப்பது நல்லது. தண்டுள்ள சக்கரத்தை விட்டுவிட்டு, நாலு துளையுள்ள தகட்டுச் சக்கரமே வாங்குங்கள். ப்ளைவுட்டில் தண்டை நிலையாகப் பிடிக்க வைப்பது புதியவர்களுக்குக் கஷ்டம்.

கீழே தருகிற அளவுகள் தகட்டிலிருந்து தரைவரை 100 மி.மீ. உயரமுள்ள சக்கரத்துக்கு. உங்கள் சக்கரம் 105 என்றால் பக்கப்பலகையில் 5 மி.மீ. குறையுங்கள், 130 என்றால் 30 மி.மீ. குறையுங்கள். பக்கப்பலகை குறைகிற அளவு பின்பலகையின் உயரத்திலும் குறையும். மற்ற துண்டுகள் மாறாது.

பலகையும் மற்ற சாமானும்

6 அடிக்கு 3 அடி, 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு ஷீட் எல்லாத் துண்டுக்கும் போதும். ஈரம் படும் இடம் என்றால் ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட். உலர்ந்த பட்டறைக்கு ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரண ப்ளைவுட். எம்.ஆர். என்று அச்சிட்டிருப்பது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்குமே தவிர, தண்ணீர் தேங்கினால் தாங்காது. கடையில் ஷீட்டைத் தரையில் படுக்கவைத்துப் பாருங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் அந்த ஷீட் வேண்டாம். திருகிய பலகையை ஸ்க்ரூ நேராக்காது. வெட்டு முனையையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் நீங்கள் ஸ்க்ரூ போடும் இடத்திலும் பொந்து இருக்கலாம்.

இவை தவிர:

- 6 மி.மீ. ப்ளைவுட், 600 × 728 மி.மீ., ஒன்று. வெட்டுத்துண்டாகக் கேட்டாலே கிடைக்கும்.
- 1 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), 5 அடி.
- 4 × 50 மி.மீ. சிப்போர்டு ஸ்க்ரூ 35; 4 × 38 மி.மீ. 25; பின்பலகைக்கு 20 மி.மீ. நீளத்தில் 30.
- 6 மி.மீ. தடிமன், 35 மி.மீ. நீளத்தில் போல்ட் 16, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) 16, அகல வாஷர் 16.
- 8 அங்குலக் கதவுக் கைப்பிடி ஒன்று, பலகையைத் துளைத்துப் போகும் போல்ட்டோடு.
- பெவிகால் அரைக் கிலோ, உப்புத்தாள் 120, 180, 220.

கருப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூ விலை மலிவு, எல்லாக் கடையிலும் இருக்கும். ஆனால் அது நொறுங்கும் தன்மை கொண்டது. ஜிப்சம் பலகையைத் தகட்டுச் சட்டத்தோடு பிடித்து நிறுத்த அது போதும். உருண்டு குலுங்கும் வண்டியில் பக்கவாட்டு விசை விழும்போது தலை துண்டாகிவிடும். உடைந்த ஸ்க்ரூவைப் பலகைக்குள்ளிருந்து எடுப்பது வேதனையான வேலை.

ரீப்பர் வாங்கும்போது ஒரு முனையைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பாருங்கள், வளைவு உடனே தெரியும். கையில் எடுத்தால் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் ஈரம் காயவில்லை என்று பொருள். அது காயும்போது சுருங்கி ஸ்க்ரூ தளரும். ஊசி முனை அளவு துளையும் அதிலிருந்து மாவுபோல் தூளும் கொட்டினால் உளுத்துப்போன மரம், வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பேக்கிங் பெட்டிப் பலகையிலிருந்து எடுப்பதாக இருந்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையில் பதப்படுத்தியது. வீட்டுப் பொருளுக்கு அதை எடுக்காதீர்கள்.

கருவிகள்: டிரில், 3, 4.5, 6.5 மி.மீ. பிட்டுகள், ஸ்க்ரூ தலை உள்ளே உட்காரக் குழி போடும் கவுண்டர்சிங்க் பிட், கை ரம்பம் அல்லது கட்டிங் மெஷின், மூலைமட்டம், டேப், குறைந்தது நாலு கிளாம்ப். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். ப்ளைவுட் தூசியில் பசையும் கலந்திருக்கிறது. லுங்கி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் ஓடும் மெஷின் பக்கம் வேண்டாம்.

வெட்டும் அளவுகள்

ஆசாரிகள் அங்குலத்திலும் நூலிலும் பேசுவார்கள். அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் ஏறத்தாழ 3 மி.மீ. வேறொருவரிடம் கொடுத்து அறுப்பதாக இருந்தால் மி.மீ. கணக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு கணக்கும் கலந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் தவறும், கடைசியில் தட்டு உள்ளே போகாது.

18 மி.மீ. ப்ளைவுட்டில்:

- அடிப்பலகை 600 × 400, ஒன்று
- மேல்பலகை 640 × 440, ஒன்று
- பக்கப்பலகை 710 × 400, இரண்டு
- நடுத்தட்டு 564 × 400, ஒன்று
- பட்டை 564 × 60, மூன்று

ஷீட்டின் 1830 மி.மீ. நீளவாக்கில் முதலில் 440 மி.மீ. அகலத்தில் ஒரு நீள்பட்டையை அறுங்கள். மேல்பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு மூன்றும் வரிசையாக அதில் அடங்கும். அடுத்து 400 மி.மீ. அகலத்தில் இன்னொரு நீள்பட்டை, அதில் இரண்டு பக்கப்பலகை. மீதி நிற்கும் 70 மி.மீ. சொச்சத்தில் மூன்று பட்டை. இந்த அடுக்கில் மேல்மரத்தின் நரம்பு தட்டுகளில் நீளவாக்கிலும் பக்கப்பலகையில் மேல்கீழாகவும் ஓடும். பலம் வேண்டிய திசையும் அதுவே.

ரம்பம் ஓடும் இடத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. மரம் தூளாகப் போய்விடும். எல்லாக் கோட்டையும் ஒரேயடியாக வரைந்து அறுத்தால் ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் சிறுத்துவரும். ஒன்றை அறுத்துவிட்டு அந்த வெட்டு முனையிலிருந்து அடுத்ததை அளந்து கோடு போடுங்கள்.

நடுத்தட்டை மட்டும் உடனே அறுக்காதீர்கள். 18 மி.மீ. என்று விற்கும் ப்ளைவுட் அளந்தால் 17 அல்லது 17.5 இருப்பது சகஜம். தடிமனை அளந்து, அதன் இரண்டு மடங்கை 600-இலிருந்து கழியுங்கள். 17 மி.மீ. என்றால் தட்டு 566 வர வேண்டும், 564 அல்ல. மூன்று பட்டைகளுக்கும் இதே நீளம். இந்த 2 மி.மீ.யைக் கவனிக்காமல் விட்டால் பக்கப்பலகை ஸ்க்ரூவின் இழுப்பில் உள்ளே வளையும், பின்பலகை பொருந்தாது.

கை ரம்பத்தில் அறுக்கும்போது நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். வட்ட ரம்ப மெஷினிலும் ஜிக்சாவிலும் பல் கீழிருந்து மேலே வெட்டுவதால் நல்ல பக்கம் கீழே. வெட்டும் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு போட்டு அறுத்தால் மேல் அடுக்கு பிய்ந்துவருவது குறையும். வட்ட ரம்பத்துக்கு 40 பல்லாவது உள்ள பிளேடு வேண்டும். குறைந்த பல் உள்ள பிளேடு ப்ளைவுட்டைக் கடித்துக் குதறும். நீளமான வெட்டுக்கு நேரான பலகை ஒன்றைக் கிளாம்ப் போட்டு வேலியாக வைத்து அதை ஒட்டி மெஷினை நகர்த்துங்கள். கையளவில் நேராக அறுப்பது பழகியவர்களுக்கே சிரமம். மெஷின் இல்லையென்றால், அருகில் அலமாரி செய்யும் பட்டறையில் வெட்டுக் கூலி கொடுத்து அறுத்துக்கொள்வது நல்ல முடிவு. குறிப்பாகப் பின்பலகை. அதன் நாலு மூலையும் துல்லியமாக இருந்தால் வண்டி முழுவதும் தானாக நேராகும்.

அறுத்ததும் இரண்டு பக்கப்பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். படி தட்டினால் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, 120 உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பக்கப்பலகைகள் உயரத்தில் 1 மி.மீ. வேறுபட்டாலும் மேல்பலகை உட்காரும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

துளை போடும் முறை

ப்ளைவுட்டின் முனையில் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்குகள் பிளக்கும். உள்ளே பிடிக்கும் பலகையில் 3 மி.மீ. துளை, வெளியே இருக்கும் பலகையில் 4 மி.மீ.யைவிட ஒரு மயிரிழை தளர்வான துளை. வெளிப்பலகையிலும் ஸ்க்ரூவின் மரை கடித்துக்கொண்டால் இரண்டு பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியே நின்றுவிடும். எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. புதியவர்கள் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் முடுக்கி, தலையைத் தேய்த்துவிடுவார்கள். தளர்வான துளை போட்டால் ஸ்க்ரூ தலை வெளிப்பலகையை இழுத்து அணைக்கும். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டில் டேப் துண்டு சுற்றிக்கொள்ளுங்கள்.

டிரில் மெஷினில் விசைக் கட்டுப்பாட்டு வளையம் இருந்தால் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். ப்ளைவுட் முனையில் ஒருமுறை அளவுக்கு மீறி முடுக்கினால் மரைப்பிடி போய்விடும். அந்த இடத்தை விட்டு 20 மி.மீ. தள்ளி வேறு துளைதான் போட வேண்டும்.

அடிப்பலகையில் சக்கரத்துக்கான இடம்

கூட்டுவதற்கு முன்னால், அடிப்பலகை தனித்துண்டாகக் கையில் இருக்கும்போதே சக்கரத் துளைகளைப் போட்டுவிட வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள்.

பக்கப்பலகைகள் அடிப்பலகையின் மேல் நிற்கப் போகின்றன. எடை பலகை வழியே நேராகச் சக்கரத்துக்கு இறங்குவதற்காக இந்த ஏற்பாடு. அடிப்பலகை பக்கப்பலகைகளுக்கு நடுவே தொங்கினால் மொத்த எடையையும் ஸ்க்ரூதான் தாங்க வேண்டியிருக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. 600 மி.மீ. நீளத்தின் இரு முனையிலும் 18 மி.மீ. அகலத்துக்குப் பக்கப்பலகை உட்கார்ந்திருக்கும். சக்கரத்தின் போல்ட் அதற்கு நேர் கீழே வந்தால் தலையை உள்ளே வைக்க இடமில்லை. அதனால் அந்த இரு முனையிலிருந்தும் போல்ட் துளையின் மையம் குறைந்தது 30 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும்.

முன்புறமும் பின்புறமும் வேறு கணக்கு. அங்கே தகட்டை ஓரத்துக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள், 5 மி.மீ. விட்டால் போதும். காரணம் இது: சுழல் சக்கரம் தன் மையத்துக்கு நேர்கீழே தரையைத் தொடுவதில்லை, சில சென்டிமீட்டர் தள்ளித் தொடுகிறது. தகடு 70 மி.மீ. அகலம், தள்ளல் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், எல்லாச் சக்கரமும் உட்பக்கம் திரும்பி நிற்கும்போது 400 மி.மீ. அகல வண்டி உண்மையில் 264 மி.மீ. அகலத்தில்தான் நிற்கிறது. தகட்டை இன்னும் 30 மி.மீ. உள்ளே தள்ளியிருந்தால் அது 204 ஆகிவிடும். 846 மி.மீ. உயர வண்டிக்கு அது ஆபத்து. மேல்பலகையில் கையூன்றினாலே சாயும்.

தகட்டை வைத்து, துளைகளைப் பென்சிலால் குறித்து, ஆணியால் ஒரு புள்ளி குத்தி, 6.5 மி.மீ. பிட்டால் துளையுங்கள். அடியில் ஒரு வேண்டாத மரத்துண்டை அழுத்தி வைத்துத் துளைத்தால் மறுபக்கம் பிய்யாது.

கூட்டுதல்

பெவிகால் தொடுமுன் உள்முகமாக வரும் பரப்புகளைத் தேய்த்துவிடுங்கள். பெட்டியான பிறகு மூலைகளுக்குக் கை போகாது. 120-இல் தொடங்கி 180. மேல் அடுக்கு மிக மெல்லியது. மெஷினில் முரட்டு உப்புத்தாள் போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் அடுத்த அடுக்கு தெரிந்துவிடும்.

ரீப்பரை 360 மி.மீ.யில் இரண்டும் 310 மி.மீ.யில் இரண்டுமாக அறுங்கள். இரண்டு பக்கப்பலகையையும் அருகருகே படுக்கவைத்து, கீழ்முனையிலிருந்து 350 மி.மீ.யில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுங்கள். தனித்தனியாக அளந்தால் தட்டு ஒரு பக்கம் சாயும். 360 மி.மீ. ரீப்பரின் மேல்முனை அந்தக் கோட்டில் நிற்க, பெவிகால் பூசி, மூன்று 38 மி.மீ. ஸ்க்ரூ. ரீப்பர் 25, பலகை 18, மொத்தம் 43. 38 போட்டால் உள்ளே நன்றாகப் பிடிக்கும், மறுபக்கம் எட்டிப் பார்க்காது. 50 எடுத்தால் கூர்முனை வெளியே வந்து கையைக் கிழிக்கும். 310 மி.மீ. ரீப்பர் பக்கப்பலகையின் மேல்முனையோடு சமமாக, முன்பக்கம் 65 மி.மீ. விட்டு. அந்த இடைவெளியில் ஒரு பட்டை படுக்கைவாட்டில் வரும்.

இப்போது பெவிகால் இல்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் பெவிகால் பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்ட ஆரம்பிக்கும், மின்விசிறி ஓடினால் இன்னும் சீக்கிரம். எந்தத் துண்டு எங்கே, எந்த முனை மேலே என்பதெல்லாம் அப்போது யோசிக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டின் முன்முனையிலும் பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

வண்டியின் முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி படுக்கவைத்துக் கூட்டுவது எளிது. முன்முனைகள் எல்லாம் தரையிலேயே சமமாகிவிடும். வரிசை இப்படி. நடுத்தட்டை ரீப்பர்களின்மேல் உட்காரும்படி வைத்து, பக்கத்துக்கு மூன்று 50 மி.மீ. ஸ்க்ரூ. பிறகு பட்டைகள்: ஒன்று நடுத்தட்டின் மேல் முன்முனையில் நிமிர்ந்து நின்று சாமான் விழாமல் தடுக்கும், தட்டு தொய்வதையும் தடுக்கும். இரண்டாவது மேல்முனையில் பின்புறம் நிமிர்ந்து. மூன்றாவது மேல்முனையில் முன்புறம் படுக்கைவாட்டில். நிமிர்த்தி வைத்தால் மேல் அறையின் வாய் குறுகிவிடும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்க்ரூ. கடைசியாக அடிப்பலகை, கீழிருந்து பக்கத்துக்கு நாலு ஸ்க்ரூ, பக்கப்பலகையின் தடிமனுக்கு நடுவில் ஏறுமாறு முனையிலிருந்து 9 மி.மீ.யில்.

பிதுங்கிய பெவிகாலை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்த பெவிகால் பாலிஷை உறிஞ்சாது. அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

பெவிகால் இறுகுமுன் மூலைவிட்டம் அளக்க வேண்டும். பின்புறத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 943 மி.மீ. இருக்க வேண்டும், மற்ற மூலைவிட்டமும் அதே. 2 மி.மீ. வரை வித்தியாசம் பரவாயில்லை. அதிகமென்றால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் கையால் அழுத்தினாலே பெட்டி நேராகும். அப்படிப் பிடித்தபடியே 6 மி.மீ. பின்பலகையை வைத்து, சுற்றிலும் 120 மி.மீ.க்கு ஒன்றாக 20 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். ஓரத்திலிருந்து 9 மி.மீ. உள்ளே போட்டால்தான் 18 மி.மீ. முனையின் நடுவில் ஏறும். சக்கரத் துளைகளுக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தட்டின் பின்முனையிலும் மூன்று நாலு போடுங்கள். மெல்லியதுதானே என்று பின்பலகையை விட்டுவிடாதீர்கள். தள்ளும்போது வண்டி பக்கவாட்டில் நெளியாமல் தடுப்பது அதுதான்.

மேல்பலகையை 20 மி.மீ. எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, உள்ளேயிருந்து ரீப்பர் வழியாக மேல்நோக்கிப் பக்கத்துக்கு மூன்று 38 மி.மீ. ஸ்க்ரூ. மேலே ஸ்க்ரூ தலை எதுவும் தெரியாது. முன்புறப் பட்டைக்குப் பெவிகாலும் கிளாம்பும் போதும். அதில் 38 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் மேல்பலகையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். இரவு முழுவதும் காயட்டும்.

பூச்சு

சக்கரம் மாட்டுவதற்கு முன்பே பூச வேண்டும், ஏனென்றால் அடிப்பலகையின் அடிப்பக்கமும் பூச்சு பெற வேண்டும். தரை துடைக்கும் தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது வெட்டு முனை வழியாக. அந்த முனைகளுக்கு மட்டும் ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள். முன்முனைகள் அழகாக இருக்க வேண்டுமானால் மெல்லிய தேக்கு பீடிங் (ஓரத்தை மூடும் மரப்பட்டி) ஒட்டலாம். ஸ்க்ரூ குழிகளில் மக்கு (புட்டி) வைத்து, காய்ந்ததும் 220-இல் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள்.

பட்டறை வண்டிக்கு மரத்துக்கான பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் போதும். மர நிறம் தெரிய வேண்டுமானால் மரத்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் பூசி, மேலே பாலியூரித்தேன் தெளிபூச்சு. மழைக்காலத்தில் காற்று நசநசவென்று இருக்கும் நாளில் லாக்கர், மெலமைன் வகைகளைப் பூசினால் பால் பூத்ததுபோல் வெளுத்துப்போகும். வெயில் நாளுக்குக் காத்திருங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டு எறியுங்கள்.

சக்கரம் மாட்டுதல்

வண்டியைத் துணிமேல் தலைகீழாக வையுங்கள். போல்ட் தலையும் அகல வாஷரும் அடித்தட்டின் உள்ளே, நட் தகட்டின் பக்கம். அடிப்பலகை 18, தகடு இரண்டரை, வாஷர் ஒன்றரை, நைலாக் நட் ஆறு என்று கூட்டினால் 28, 35 மி.மீ. போல்ட்டில் நட்டைத் தாண்டிக் கொஞ்சம் மரை வெளியே தெரியும். அப்படித் தெரிந்தால்தான் நட்டுக்குள் இருக்கும் நைலான் வளையம் முழுவதுமாகப் பிடிக்கும். சாதாரண நட் உருளும் அதிர்விலேயே கழன்றுவிடும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள். போல்ட் முனை சக்கரத்திலோ பிரேக்கிலோ உரசினால் நீளம் குறைந்த போல்ட் மாற்றுங்கள்.

18 மி.மீ. பலகையில் மரஸ்க்ரூவால் சக்கரத்தைப் பிடிப்பது வேண்டவே வேண்டாம். சக்கரம் ஒரு திட்டில் முட்டும்போது தகட்டின் ஒரு விளிம்பு நெம்புகோல்போல் கீழே இழுக்கிறது. பலகைக்குள் 15 மி.மீ. மட்டும் போயிருக்கும் ஸ்க்ரூ அதைப் பலமுறை தாங்காது.

கைப்பிடி பிரேக் சக்கரம் இருக்கும் பக்கப்பலகையில், மேல்பலகைக்கு 80 முதல் 100 மி.மீ. கீழே, ரீப்பரில் இடிக்காதபடி. அதற்கும் உள்ளே வாஷர் வைத்து போல்ட்.

நிமிர்த்தியதும் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் ஆடினால் பதறாதீர்கள். எந்தச் சக்கரம் என்று குறித்துக்கொண்டு, அதே இடத்தில் வண்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். இப்போதும் அதே சக்கரம் தூக்கியிருந்தால் குறை வண்டியில். வேறு சக்கரம் தூக்கினால் குறை தரையில், வண்டியைத் தொட வேண்டாம். வண்டிதான் என்றால் அந்தத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே 1 மி.மீ. சன்மைக்காத் துண்டை வைத்து முடுக்குங்கள், வேண்டுமானால் இரண்டு.

சாமான் ஏற்றும்போது கனமானது எப்போதும் அடித்தட்டில். அடியில் 350 மி.மீ. உயரம் இருக்கிறது, டிரில் பெட்டி, ஆணி டப்பா, எண்ணெய் டின் எல்லாம் அங்கே. அடித்தட்டு காலியாக, மேலே மட்டும் 30 கிலோ ஏற்றி நிலைப்படி தாண்டினால் எந்தச் சக்கரமும் காப்பாற்றாது. வீட்டில் நடை பழகும் குழந்தை இருந்தால் நிறுத்தியதும் பிரேக்கை மிதித்துவிடுங்கள். குழந்தை எழுந்து நிற்க முதலில் பிடிப்பது கையெட்டும் தட்டைத்தான்.

ஒரு வாரம் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை முடுக்குங்கள். பலகை கொஞ்சம் அமுங்கியிருக்கும், கால் சுற்றாவது ஏறும். பிறகு மாதம் ஒருமுறை வண்டியைச் சாய்த்து, அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் நூலையும் பிளேடால் அறுத்து எடுங்கள். சக்கரம் சுழலாமல் இழுபட ஆரம்பிப்பதற்கு வீடுகளில் பெரும்பாலும் அதுதான் காரணம். எடுத்தபின் அச்சில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள்.